உட்காராத கேப்டன்

அட உக்காருங்க தம்பி, அந்த நாற்காலி ஆடும், விழாது. ஆப்பிள் சைடர் குடிக்கிறீங்களா? வேண்டாமா? வேண்டாம்னு சொல்ற பத்திரிகைக்காரரை இன்னைக்குத்தான் பாக்குறேன்.

ஆமா, கேப்டன் டன்னலை எதிர்த்து நாலாவது தடவை நிக்கிறேன். மூணு தடவையும் மண்ணைக் கவ்வினேன், அதை ஏன் சிரிச்சுக்கிட்டே கேக்குறீங்க? அந்த மனுஷன் இண்டியானா சட்டசபையில பத்து வருஷமா நாற்காலியில உக்காந்ததே இல்ல, நின்னுக்கிட்டேதான் இருக்காரு. வடக்கு-தெக்குச் சண்டையில செத்தவங்களுக்கு மரியாதையாம், ஊரே கண்ணு கலங்குது. நான் மேடையேறி, பாலம் இடிஞ்சு கிடக்கே, இந்தாளு என்ன கிழிச்சாருன்னு தொண்டை வத்தக் கத்துவேன். அவரு இடுப்பைப் புடிச்சுக்கிட்டு லேசா ஒரு முனகல். அவ்வளவுதான், ஓட்டெல்லாம் அந்தப் பக்கம்.

என்ன காகிதம் அது? பட்டாளத்து டாக்டர் கைப்பட எழுதினதா? அடேயப்பா! கேப்டனுக்குக் குண்டு பாஞ்சது பின்பக்கம், உக்கார்ற இடத்துல, அதுவும் நம்ம படைத் துப்பாக்கிக் குண்டு. இன்னொருவாட்டி படிங்க, கேக்கவே இனிக்குது.

நானும் அவரு படைப்பிரிவுல சிப்பாய்தான். ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே அச்சாயிடும், நான் ஜெயிச்சிடுவேன். நியாயந்தான். என் வீட்டுக்காரி புதுக் கோட்டே தைச்சு வச்சிருக்கா.

சரி, எழுதிக்கங்க. டாக்டர் குடிகாரன். சுட்டது தெக்கத்திப் படை. லிசாண்டர் ப்ரூயிட், நான்தான், கண்ணால பாத்தேன். பென்சிலை ஏன் கீழ வைக்கிறீங்க?

நல்லது, கீழயே இருக்கட்டும், இது அச்சுக்கு இல்ல. சண்டையப்போ ஜார்ஜியாவுல ஒரு காலை, மூடுபனி. கேப்டன் திருட்டு வாத்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு முகாமுக்குத் திரும்புறாரு. வாத்து நழுவுச்சு, திரும்பிக் குனிஞ்சாரு. காவலுக்கு நிக்கிறவன், ‘யாரது’ன்னு கேட்டுட்டுத்தான் சுடணும். அவன் கேக்கல. தூங்கிக்கிட்டிருந்தான். வாத்து கத்துச்சு, பதறி முழிச்சான், சுட்டுட்டான்.

காவல்ல தூங்கினவனை நிக்கவச்சுச் சுடுவாங்க தம்பி, அதுதான் சட்டம். கேப்டனுக்குத் தெரியாதா? விழுந்த இடத்துல கிடந்துக்கிட்டே, தெக்கத்திக்காரன் வந்துட்டான், வந்துட்டான்னு கத்தினாரு பாருங்க. முகாமே எந்திரிச்சு ஒரு மணி நேரம் வெறும் காட்டைச் சுட்டுச்சு.

பாவம், அவருக்கு வாத்து மட்டும் மிஞ்சுச்சு. நான்தான் ஆக்கிப் போட்டேன். அவரைச் சுட்ட இதே கைதான், உப்புப் போட மறந்துட்டேன். குப்புறப் படுத்துத் தின்னுக்கிட்டே, அதுக்கு மட்டும்தான் என்னைத் திட்டினாரு.