நம் தலைவர் நடுங்கிய நாள்

அறுவை அரங்கின் குளிரையும் இந்த அவையின் சூட்டையும் ஒருங்கே ஆளும் தலைவர் அவர்களே! கத்தி பிடித்து உயிர் காக்கும் மருத்துவப் பெருமக்களே! கண் துஞ்சாத செவிலியச் சகோதரிகளே! நாற்காலி கிடைக்காமல் நிற்கும் பெரியோர்களே, தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம். நான் மயக்க மருந்து கொடுப்பவன். என் பேச்சில் யாராவது கண்ணயர்ந்தால் மன்னியுங்கள், தொழில் அப்படி.

தலைவரிடம் ஒரே ஒரு வரம் கேட்க வந்திருக்கிறேன். இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் சலவைக்கூடத்து அக்காவுக்கு நாளை குடலிறக்க அறுவை. அவருக்கு இதயம் பலவீனம். மயக்கம் தெளியும்போது வருமே ஒரு நடுக்கம், அது அவரை அண்டக்கூடாது. நடுங்கும் உடம்பு பிராணவாயுவை அள்ளி அள்ளிக் கேட்கும். நொந்த இதயம் அதற்கு எங்கே போகும்?

என்ன, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்கிறீர்களா? தலைவரும் அப்படித்தான் சொல்வார். எந்த நோயாளி நடுங்கினாலும், "பயம்! வெறும் பயம்! இன்னொரு போர்வை போடு!" என்பார். அறுவை செய்யும்போது தனக்கு வேர்க்கிறதென்று அரங்கின் ஏசியை முழுவதும் திருகி வைப்பார். ஐயா, மேலே சொல்லலாமா? தலையாட்டுகிறார். நடுக்கமில்லை நண்பர்களே, சம்மதம்தான்!

ஒருநாள் அவருடைய பித்தப்பையே மக்கர் செய்தது. "சார், முன்னாடியே உடம்பச் சூடாக்கிடலாம். நடுக்கம் வராம இருக்க மருந்தும் குடுத்துடறேன்" என்றேன்.

"யாருக்கு? எனக்கா? போய்யா, போய் வேலையப் பாரு!"

அறுவை முடிந்தது; ஆட்டம் தொடங்கியது! தாடை தாளம் போட்டது, தோள் துள்ளியது, கட்டில் கடகடத்தது, கருவிகள் கதறின! பக்கத்துக் கட்டில்காரர் தன் வலியை மறந்து வேடிக்கை பார்த்தார். ஓடிவந்தார் தலைவரின் துணைவியார். வீட்டில் காய்ச்சலில் நடுங்கினாலும் அவரிடம் அதே வசனத்தைக் கேட்டுச் சலித்தவர் அல்லவா?

"என்னங்க, பயமா? வெறும் பயம்தானே? இன்னொரு போர்வை போடச் சொல்லட்டுமா?"

"ப... ப... பயமில்லடி! ம... ம... மருந்து!"

கேட்டது யார்? போர்வையே போதும் என்றவர்! பிராணவாயு வைத்தேன். வெதுவெதுப்பான காற்று ஊதும் போர்வையைப் போர்த்தினேன். நடுக்கத்தை அடக்கும் பெத்திடின் மருந்தை அளவு பார்த்து ரத்தக்குழாயில் ஏற்றி, மூச்சைக் கவனித்தபடி பக்கத்திலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் கட்டில் அடங்கியது. உடனே தலைவர் உதிர்த்த பொன்மொழி: "வெளிய சொல்லிடாதய்யா."

சிரியுங்கள், சிரியுங்கள்! ஆனால் அவர் இதயம் வலுவானது, தாங்கியது. அக்காவின் இதயம் தாங்குமா? கட்டில் ஆடிய பிறகா ஓடுவது? மயங்கும் முன்னே சூடேற்றுவோம்! விழிக்கும் முன்னே, அவர் இதயத்துக்கு ஏற்ற மருந்தை அளவோடு கொடுப்போம்! தலைவர் அவர்களே, நாளை உங்களுக்கு வேர்க்கட்டும்; அக்காவுக்குக் குளிரவே வேண்டாம்!

இதோ, தலைவர் எழுகிறார். ஒலிபெருக்கியைக் கேட்கிறார். கொடுங்கள்.

"அக்காவுக்கு என்ன வேணுமோ எல்லாம் செய்யி. எனக்கு வேர்வை தொடைக்க மட்டும் ஒரு ஆளப் போடு."

கேட்டீர்களா அக்கா? இன்று நிம்மதியாகத் தூங்குங்கள். நாளை நீங்கள் கண் விழிக்கும்போது நான் பக்கத்தில் நிற்பேன். வரம் தந்த தலைவருக்கும், சிரித்துத் துணை நின்ற உங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி, வணக்கம்!