வேறு ஒரு வார்த்தை

— அத்தனை பேர் உக்காந்திருக்கற எடத்துல சிறைன்னு சொல்லிட்டா மச்சான், உங்க தங்கச்சி. வேற வார்த்தையே கெடைக்கலையா அவளுக்கு?

— உள்ள வாங்க மாப்ள. வாசல்ல நின்னு பேசினா துணி குடுக்க வர்றவங்க காதுல விழும். அந்த மூட்டையை நகத்திட்டு உக்காருங்க.

— உக்கார வரல. அவளைக் கூட்டிட்டுப் போக வந்தேன்.

— அது கெடக்கட்டும், மொதல்ல உக்காருங்க. சாயங்காலத்துக்குள்ள இவ்வளவு சட்டையும் தேச்சாகணும் எனக்கு. தேச்சுக்கிட்டே கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

— என் அக்கா வீட்டுல எல்லாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்கோம். ஏம்மா, எங்க பக்கம் தலையே காட்ட மாட்டேங்கறன்னு அக்கா சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டா. அதுக்கு இவ, "சிறையிலேர்ந்து எப்படி அண்ணி வர்றது"ன்னுட்டா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா ஒருத்தரும் சிரிக்கல மச்சான். அக்கா என்னைப் பாத்த பார்வை இருக்கே... கையில இருந்த டம்ளரை எங்க வெக்கறதுன்னு தெரியல எனக்கு.

— ம்ம்.

— நியாயத்தைச் சொல்லுங்க. என்னிக்காவது கதவைப் பூட்டினேனா? கை நீட்டினேனா? போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?

— சொன்னதில்லன்னுதான் அவளும் சொன்னா.

— பாத்தீங்களா!

— "போகாதேன்னு சொல்லவே மாட்டார் அண்ணே. அவசியமான்னு மட்டும் கேப்பார்"ன்னா.

— அது... கேக்கறது தப்பா? வீட்டுக்குன்னு ஒரு கட்டுப்பாடு வேணாமா?

— கட்டுப்பாடுன்னா ரெண்டு பேருக்கும்தான இருக்கணும். நீங்க கெளம்பும்போது அவ உங்களை அவசியமான்னு கேப்பாளா?

— சரி, கண்டிப்புன்னு வெச்சுக்கங்க.

— கண்டிப்பு பிள்ளைங்களுக்கு மாப்ள. அவளுக்கு முப்பத்தாறு வயசாகுது.

— அக்கறை மச்சான், அக்கறை! வெளிய போனா பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போன் பண்றேன்னா, பத்திரமா இருக்காளான்னு தெரிஞ்சுக்கத்தான்.

— வீடியோ கால்ல, எங்க நிக்கறேன்னு போனைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்வீங்களாம். காய்கறிக் கடையில தக்காளியைக் காட்டினாளாம், தராசைக் காட்டினாளாம், கடைசியில கடைக்காரரையே காட்டினாளாம். அந்த மனுஷன், "நான் சிரிக்கணுமாம்மா?"ன்னு கேட்டிருக்கார்.

— ...அதையும் சொல்லிட்டாளா.

— சொல்லிட்டு அவளும் சிரிச்சா. நானும் சிரிச்சுத் தொலைச்சேன். அப்புறம்தான் உறைச்சுது, அது சிரிக்கற விஷயம் இல்லன்னு.

— நிமிந்து பாக்க முடியல மச்சான் உங்களை.

— ஆனா உங்களுக்காகவும் ஒண்ணு பேசினேன், அதையும் சொல்லிடறேன். மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை வந்துச்சே, அதுக்கு நீங்க குறுக்க நிக்கலையேன்னு சொன்னேன். நேர்ல பேசவும் நீங்கதான் கொண்டுபோய் விட்டீங்க. கடைக்காரங்க எடுத்துக்கலன்னா மாப்ள என்ன பண்ணுவார்னு கேட்டேன்.

— அதை மட்டும் சொல்லியிருக்க வேணாம்.

— ஏன்?

— எடுத்துக்கறதாத்தான் இருந்தாங்க. நான்தான் போன் பண்ணேன்.

— என்னன்னு?

— அவளுக்கு அடிக்கடி மயக்கம் வரும், கண்ணாடி பொழங்கற எடம், ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் பொறுப்பில்லன்னு. அவங்க உடனே சரிங்கன்னு வெச்சுட்டாங்க.

— மயக்கமா? அவளுக்கா?

— வேலை இல்லன்னு தெரிஞ்ச அன்னிக்கு அப்படி அழுதா. நான்தான் கண்ணைத் தொடச்சு விட்டேன். விடு, அவங்களுக்குக் குடுத்து வெக்கலன்னு சொன்னேன். என் தோள்லயே தூங்கிப் போயிட்டா... இதுக்கு என்ன பேர் மச்சான்? வர்ற வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன். கட்டுப்பாடுங்கறேன், கண்டிப்புங்கறேன், அக்கறைங்கறேன். எதுவும் ஒட்ட மாட்டேங்குது. அவ சொன்ன வார்த்தைதான் ஒட்டுது.

— கொஞ்சம் மெதுவா. நடுவுல ஒரு பலகைக் கதவுதான் இருக்கு. அந்தப் பக்கம்தான் இருக்கா.

— எல்லாம் கேட்டிருக்குமா?

— கேட்டிருக்கும்.

— கேக்கட்டும். அவளைக் கூப்பிடுங்க. உங்ககிட்ட சொன்னதை அவ மூஞ்சியைப் பாத்து சொல்லணும். அப்புறம் வர்றதும் வராததும் அவ இஷ்டம்.

— இப்ப வேணாம் மாப்ள.

— ஏன், அவ வர மாட்டாளா?

— அது வந்து...

— அவ வர மாட்டாளா, நீங்க விட மாட்டீங்களா? ஒண்ணைச் சொல்லுங்க. ஐயோ, மச்சான், பெட்டியை எடுங்க! சட்டை கருகுது!

— அடச்சே. காலர் போச்சு.

— கையில பட்டுச்சா?

— இல்ல, இல்ல. மாப்ள... அவளால வர முடியாது. தாழ்ப்பாள் போட்டிருக்கு.

— உள்ளயா?

— வெளியில. நான்தான் போட்டேன்.

— நீங்களா?

— தெருமுனையில உங்களைப் பாத்தேன். நீங்க கண் கலங்கி ரெண்டு வார்த்தை பேசினா உருகிப் போய் உங்க பின்னாலயே கெளம்பிடுவான்னு பயம். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. சத்தம் வராம போட்டுட்டு வந்து, பெரிய மனுஷன் மாதிரி உங்களை உக்கார வெச்சு இவ்வளவு நேரம் கேள்வி கேட்டிருக்கேன்.

— அவ நல்லதுக்குன்னு பண்ணீங்க.

— அப்படிச் சொல்லாதீங்க மாப்ள, உடம்பு கூசுது. ஏம்மா! ஒரு தட்டு தட்டியிருந்தா ஓடி வந்து திறந்திருப்பேனே!

— விடுங்க அண்ணே. அவர் சொன்னதும் கேட்டுச்சு, நீங்க தாழ்ப்பாள் போட்டதும் கேட்டுச்சு. ஏன் போட்டீங்கன்னு கேக்கக்கூடத் தோணல எனக்கு. கூப்பிடற வரைக்கும் இருக்கலாம்னு நானே போய் ஓரமா உக்காந்துட்டேன்.