மணி நின்னப்புறம்

அட, ஏன் நிறுத்திட்டீங்கண்ணே? திட்டுங்க. அந்தக் கதவுக்காரி கை விளங்காமப் போகணும், அவ நல்லாவே இருக்க மாட்டான்னு அழகா ஆரம்பிச்சீங்க. பாதியில விட்டா எப்படி? முழுசா திட்டுங்க, கேட்டுக்கறேன். அந்தக் கை இதுதான். நல்லா பாத்துக்கங்க.

ஐயோ, எந்திரிக்காதீங்க. உக்காருங்கண்ணே. இந்த ஆஸ்பத்திரியில உக்கார இடம் கிடைக்கிறதே குதிரைக்கொம்பு. நான் ஒண்ணும் கோவிச்சுக்கல. ஊரே திட்டுது, நீங்க ஒருத்தர் விட்டுட்டா மட்டும் எனக்கு என்ன வந்துடப் போகுது? அன்னைக்குக் காய்கறிக் கடையில ஒரு அம்மா என் மூஞ்சியப் பாத்துட்டு, தராசுல போட்ட தக்காளிய அப்படியே கூடையில திருப்பிக் கொட்டுச்சு. உனக்கு இல்ல போன்னுடுச்சு. சரி தாயேன்னு வந்துட்டேன்.

ஆமா, நானேதான். டிவியில திரும்பத் திரும்பப் போடறாங்களே, சட்டசபை வாசல்ல வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு நிக்கறேனே, அது நான்தான். உங்க சட்டையில குத்தியிருக்கிற பேட்ஜுல சிரிக்கிறாரே உங்க தொகுதி எம்.எல்.ஏ., அவருதான் கதவைத் தட்டித் தட்டி, திறம்மா, திறம்மா, என் ஜனங்க உயிரும்மான்னு கதறுறாரு. நான் பக்கத்துல கல்லு மாதிரி நிக்கறேன். எனக்கே பாத்தா பத்திக்கிட்டு வருதுண்ணே. யாருடி இவ, மனுஷியா மரக்கட்டையான்னு எனக்கே நாலு அறை விடணும் போல இருக்கு.

நீங்க யாரைப் பாக்க வந்தீங்க? அம்மாவா? காலா... எடுக்கணும்னு சொல்லிட்டாங்களா? அடப் பாவமே. சக்கரை வந்தா அப்படித்தான். இன்சூரன்ஸ் குடுக்க மாட்டேன்னுட்டாங்களா? வியாதி முன்னாடியே இருக்குன்னு சொல்லியிருப்பாங்களே. எங்களுக்கும் அதே பதில்தான். வியாதி இல்லாதவனுக்கு எதுக்கும்மா இன்சூரன்ஸுன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு சிரிச்ச முகம் மாறாம, அடுத்தது யாருங்கன்னு எனக்குப் பின்னாடி எட்டிப் பாத்துச்சு.

எனக்கு எங்க வீட்டுக்காரருண்ணே. உள்ள அந்த மூலைக் கட்டில்ல. ரெண்டு கிட்னியும் போச்சு. அதே சட்டசபையிலதான் லிஃப்ட் ஓட்டிக்கிட்டிருந்தாரு. ஏறுறவங்களயெல்லாம் மேலயா கீழயா, மேலயா கீழயான்னு கேட்டுக் கேட்டு, அதுவே அவருக்குப் பேராயிடுச்சு. மேலயாகீழயான்னு கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாப்பாரு. என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டதும் லிஃப்டுக்குள்ளதான். கதவு மூடிடுச்சு, எங்க ஓடறது? சரின்னுட்டேன். இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லியே அவர ஓட்டுவேன்.

சிரிக்கிறீங்களா? சிரிங்க. அவரும் இப்படித்தான் சிரிப்பாரு.

என் நாத்தனாரு இருக்கா பாருங்க, அவரோட தங்கச்சி, வாய் திறந்தா எனக்கும் அவளுக்கும் ஆகாது. ஆனா அவதான் என் கிட்னிய எடுத்துக்கங்கன்னு வந்து நின்னா. பொருந்துதுன்னு டாக்டரும் சொல்லிட்டாரு. குடுக்க ஆளிருக்கு, வாங்க ஆளிருக்கு, எடுத்து வைக்க டாக்டர் இருக்காரு. நடுவுல இன்சூரன்ஸ் நந்தி மாதிரி உக்காந்திருக்கு. அன்னிக்கு ஓட்டெடுப்புல விழுந்துச்சே, அந்தச் சட்டம் மட்டும் வந்திருந்தா, எந்த வியாதி இருந்தாலும் கம்பெனிக்காரன் மறுக்கக் கூடாது. எங்க வீட்டுல நாங்க சாமியே கும்பிட்டது அந்தச் சட்டத்துக்காகத்தான்.

கேப்பீங்கன்னு தெரியும். சட்டசபையில வேலை பாக்கறவளுக்கு இன்சூரன்ஸ் இல்லையான்னுதானே? கோட்டுதாண்ணே அவங்களுது. சம்பளம் கான்ட்ராக்டர் குடுக்கறான். உள்ள உக்காந்திருக்கிறவங்களுக்கு ஒரு தும்மல் வந்தாலும் முழு வைத்தியம் உண்டு. அவங்களுக்குக் கதவு திறந்து விடறவளுக்குக் கிடையாது. லிஃப்ட் ஓட்டறவருக்கும் கிடையாது.

என்னது? அடுத்த எலெக்‌ஷன்ல உங்க தலைவரு எப்படியும் கொண்டு வந்துடுவாரா? நீங்க ரொம்ப நல்லவருண்ணே. நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஒண்ணு சொல்றேன் கேளுங்க. சபையில ஆளுங்கட்சிக்கு ஜன்னல் பக்கம், எதிர்க்கட்சிக்கு சுவத்துப் பக்கம். இந்தச் சட்டத்தை முதல்ல கொண்டாந்தது யாரு தெரியுமா? உங்க கட்சிதான். அப்ப அவங்க சுவத்துப் பக்கம். ஏழை ஜனம் செத்துக்கிட்டிருக்குதேன்னு மேஜையக் குத்தினாங்க பாருங்க, வாசல்ல நின்ன எனக்கே கண்ணுல தண்ணி வந்துச்சு. ஜன்னல் பக்கம் இருந்தவங்க, கஜானா காலியாயிடும்னு சொல்லிக் கவுத்துட்டாங்க. அப்புறம் எலெக்‌ஷன் வந்துச்சு, உங்க கட்சி ஜெயிச்சுது. நம்ம ஆளுங்க வந்துட்டாங்கன்னு எங்க வீட்டுக்காரரு லிஃப்டுல ஏறுறவங்களுக்கெல்லாம் மிட்டாய் குடுத்தாரு. அப்பவே அவருக்குக் கால் வீங்க ஆரம்பிச்சிருச்சு. அந்தக் காலோட நின்னுக்கிட்டே குடுத்தாரு.

உங்க கட்சி ஜன்னல் பக்கம் வந்து உக்காந்துச்சா, முதல் பேச்சே என்ன? கஜானா காலியாயிடும். இந்தப் பக்கம் சுவரோரமா மாறி வந்தவங்க அதே சட்டத்தக் கொண்டாந்துட்டு என்ன சொல்றாங்க? ஏழை ஜனம் செத்துக்கிட்டிருக்குதே! அதே வார்த்தைண்ணே. அதே மாதிரி தொண்டை அடைச்சு நிறுத்தறது, அதே மாதிரி தண்ணி குடிக்கறது. பேச்ச நாற்காலியிலயே விட்டுட்டுப் போயிருப்பாங்க போல, வந்து உக்காந்தவன் எடுத்து மாட்டிக்கிறான்.

சரி, உங்க தலைவரு வேற மாதிரிதான். இல்லன்னு நான் சொல்லலையே. பெயிண்ட் ஃபேக்டரி இருந்த உங்க ஏரியாவுல பாதிப் பேருக்கு நுரையீரல் போயிருக்குன்னாங்க. அங்க போயி, என் கட்சியே எதுத்தாலும் நான் இந்தச் சட்டத்துக்குத்தான் ஓட்டுப் போடுவேன்னு பிள்ளைங்க தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரு. டிவியில பாத்தோம். எங்க வீட்டுக்காரரு கட்டில்லயிருந்து எந்திரிச்சு உக்காந்துட்டாரு. இவன்டா மனுஷன்னாரு. மறுநாளு கட்சிக் கொறடா அவர எங்க கதவுக்குப் பக்கத்துலயே நிறுத்தி வச்சு, ஓட்டு மாத்திப் போட்டே, கட்சியவிட்டுத் தூக்கி எறிஞ்சிடுவோம், அடுத்த தடவ சீட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொல்றான். நாங்க வாசல்ல நிக்கிறத யாரும் ஆளா மதிக்க மாட்டாங்க, அதனால எல்லாம் காதுல விழும். உங்க தலைவரு மூஞ்சி வெளிறிப் போயி நின்னாரு. எனக்கு அவர் மேல அவ்வளவு பரிதாபம்.

அங்க ஓட்டெடுப்பு எப்படின்னா, முதல்ல மணி அடிக்கும். கட்டிடம் முழுக்க கேக்கும். கேன்டீன்ல இருக்கிறவன், பாத்ரூம்ல இருக்கிறவன் எல்லாம் விழுந்தடிச்சு ஓடி வரணும். மணி நின்னுச்சுன்னா கதவு மூடிடணும். அப்புறம் கடவுளே வந்தாலும் வெளிய நிக்க வேண்டியதுதான். அதுதான் என் வேலை. ஒரு தடவ மந்திரி ஒருத்தரு உள்ள நுழைஞ்சுட்டாரு, கோட்டு நுனி மட்டும் கதவுல சிக்கிக்கிச்சு. ஓட்டெடுப்பு முடியற வரைக்கும் மனுஷன் கதவோட ஒட்டிக்கிட்டே நின்னு கையத் தூக்கினாரு. திறக்கலையே நான். அப்படிப்பட்டவ நான். எங்க ஆளுங்க என்னைப் பூட்டுன்னுதான் கூப்பிடுவாங்க.

அன்னிக்குக் காலையில எங்க வீட்டுக்காரரு, யாரையும் வெளிய நிக்க விட்டுறாதடின்னு சொல்லி அனுப்பினாரு. எண்ணிக்கை சரிசமமா நிக்குது, உங்க தலைவரு ஒருத்தரு போட்டாத்தான் சட்டம். சமமா வந்தா விழுந்துடும், அதான் அங்க விதி. மணி அடிச்சுது. எல்லாரும் வந்தாங்க. ஒருத்தர சக்கர நாற்காலியில தள்ளிக்கிட்டு வந்தாங்க. உங்க தலைவரு மட்டும் காணோம். மணி நின்னுச்சு.

இல்லண்ணே, அழல. கண்ணு எரியுது, அவ்வளவுதான். ராத்திரியெல்லாம் தூக்கம் கிடையாது. காலையில டாக்டரு வந்து, டயாலிசிஸுக்கு ஊசி ஏத்த ஒரு நரம்புகூட மிச்சமில்ல, ஆபரேஷன் தாங்குற உடம்பும் இப்ப இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கம்மான்னாரு. அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும். வண்டி வரட்டும்னுதான் உக்காந்திருக்கேன். அவருக்குச் சொல்லல. வீட்டுக்குப் போறோம்னதும் மூஞ்சியில அவ்வளவு சந்தோஷம். நாத்தனாரு வெளிய நின்னு சுவத்துல முட்டிக்கிட்டு அழறா. என் கிட்னி என்கிட்டயே இருந்து என்னடி பண்றதுங்கறா. நான் இங்க உங்ககூட ஊர்க்கதை பேசிக்கிட்டிருக்கேன்.

வேலையா? போயிடுச்சு. சபையில விதிப்படி நடந்தேன்னு கைதட்டினாங்க, ரெண்டு பக்கமும் சேர்ந்து. அந்த ஒரு விஷயத்துலதான் ரெண்டு பக்கமும் ஒத்துமை. கான்ட்ராக்டரு, மூஞ்சி ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, வாசல்ல நிக்க வேணாம்னுட்டான். உங்க கட்சியில அவர வெளியேத்தவும் இல்ல பாத்தீங்களா? எப்படி வெளியேத்துவாங்க? அவருதான் மாத்தி ஓட்டுப் போடவே இல்லையே. ஜனங்க பக்கமும் கெட்ட பேரு இல்ல. மாலை போட்டுத் தூக்கிக்கிட்டுப் போறீங்க. உங்க மேல தப்பு சொல்லலண்ணே. தூக்கத்தான் தோணும்.

ஆங்? ஒரு நொடி திறந்து வச்சிருக்கக் கூடாதாம்மான்னா கேக்கறீங்க? எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. காய்கறிக் கடை அம்மாவும் அதத்தான் கேட்டுச்சு. ஒரு நொடி.

வச்சிருந்தேண்ணே.

மணி நின்னுது. உள்ளேயிருந்து, கதவுன்னு அதிகாரி குரல் குடுத்தாரு. நான் மூடற மாதிரி தள்ளி, இடுக்குல என் செருப்புக் காலக் குடுத்து நிறுத்திட்டேன். ஒரு ஆளு ஒருக்களிச்சு நுழையலாம். வேலைக்கு வந்த நாள்லேருந்து செய்யாத காரியம். தெரிஞ்சா ஜெயில்தான். போனாப் போகட்டும், எங்க வீட்டுக்காரரு பொழைச்சுக்குவாரேன்னு நிக்கறேன். நிமிந்து பாக்கறேன், உங்க தலைவரு எதுத்தாப்பலயே இருக்காரு. தண்ணி மெஷின் பக்கத்துல, தூணுக்குப் பின்னாடி, கையில பேப்பர் கப்போட. ரொம்ப நேரமா நிக்கிறாரு போல, கப்பைக் கசக்கி வச்சிருக்காரு. எனக்குப் போன உசிரு வந்துச்சு. வாங்க, வாங்கன்னு கையாட்டினேன். இடுக்குல இருக்கிற காலக் காட்டினேன், திறந்துதான் இருக்கு பாருங்கன்னு.

பாத்தாரு. நல்லாவே பாத்தாரு. என் கால, கதவ, எல்லாத்தையும் பாத்தாரு. பாத்துட்டு, காத்து அடிக்குதுன்னா ஜன்னல மூடச் சொல்லுவோமே, அந்த மாதிரி, உள்ளங்கைய இப்படி மெதுவா தள்ளிக் காட்டினாரு. மூடும்மான்னு.

மூடினேன். தாழ்ப்பாளும் போட்டேன். அதுக்கப்புறந்தாண்ணே அவரு ஓடி வந்தாரு.