மத்தியானப் பெரட்டு

ஓடுகிறேன். விமானச் சத்தம். ஏரிக்கரையிலிருந்து வாய்க்காலுக்குள் குதிக்கிறேன். முகம் சேற்றில். கைகள் காதில். சத்தம் ஆவடிப் பக்கம் போய்த் தேய்கிறது. நாற்று நடுகிறவர்கள் சிரிக்கிறார்கள்.

"எய்ந்துரு அக்கா. சண்டதான் முடிஞ்சி பூட்ச்சே. அது நம்ம பட்டாளத்து பிளேனு," என்கிறாள் கொழுந்தன் பெண்டாட்டி.

முடிந்ததாம். எனக்கு முடியவில்லை. மலாயாவிலிருந்து அயனம்பாக்கம் திரும்பி எட்டு மாதம். உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. படுத்தால் தூக்கம் இல்லை. சொல்லிவிடுகிறேன்.

ஏரி வற்றிய வருஷம் கங்காணி வந்தான். ரப்பர் தோட்டம், மரத்தைக் கீறினால் பால் கொட்டும் என்று ஆசை காட்டினான். எங்கள் சேரியிலிருந்து பதினோரு பேர் கப்பல் ஏறினோம். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது.

தோட்டத்தில் எல்லாம் பெரட்டுதான், ஆள் கணக்கெடுப்பு. விடியுமுன் தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். டங். டங். டங். ஓடிப்போய் வரிசையில் நிற்க வேண்டும். கங்காணி பேர் படிப்பான். அப்போது நிற்காதவனுக்கு அன்று வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அரிசி இல்லை. காய்ச்சலோடு நின்றேன். பிள்ளை பெற்ற பன்னிரண்டாம் நாள் நின்றேன். வெயில் ஏறினால் மரத்தில் பால் நின்றுவிடும். அட்டை கடித்த காலோடு மரம் மரமாக ஓடினேன். ஏழு வருஷம். அந்தச் சத்தம் கேட்டால் புத்திக்கு முன்னால் கால் கிளம்பும்.

ஜப்பான்காரன் குண்டு போட்டான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காரில் ஏறி ஓடிவிட்டான். எங்களுக்கு ஒரு வார்த்தை இல்லை. பால் வாங்க ஆள் இல்லை. அரிசி இல்லை. வெறும் மரவள்ளிக் கிழங்கு. வயிற்றுப்போக்கில் பிள்ளை செத்தது.

அடுத்த வருஷம். ஒரு மத்தியானம். டங். டங். டங்.

வீட்டுக்காரர் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"மத்தியானத்துல இன்னா பெரட்டு? எனக்கு சரியா படல. நான் போவல."

நான் கத்தினேன். "பேர் படிச்சிடுவாங்க. அரிசி போடறாங்களோ இன்னாவோ. ஓடுய்யா."

ஓடினார். கையில் மண்ணோடு.

கங்காணிதான் பேர் படித்தான். பின்னால் ஜப்பான் சிப்பாய்கள். துப்பாக்கி. படிக்கப் படிக்க ஆண்கள் லாரியில் ஏறினார்கள். யாரையும் துரத்திப் பிடிக்கவில்லை. அவர்களாகவே வந்து, தினம் நிற்கும் இடத்தில், தினம் நிற்கும் வரிசையில் நின்றிருந்தார்கள். வராமல் காட்டில் ஒளிந்தவர்கள் பிழைத்தார்கள்.

சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து தப்பி வந்த வேறு தோட்டத்து ஆள் ஒருவன் சொன்னான். மழை. காலரா. செத்தவர்களை மூங்கில் அடுக்கி எரித்தார்களாம். என் வீட்டுக்காரரையும்.

அவர் எப்படிப் போனார் என்று கொழுந்தன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பிடித்துக்கொண்டு போனார்கள் என்றேன். பொய்.

சேரியிலிருந்து போனவர்கள் பதினோரு பேர். பசியிலும் காய்ச்சலிலும் மூன்று பேர். லாரியில் ஐந்து பேர். திரும்பியது மூன்று பேர். அங்கே பிறந்து அங்கேயே போன பிள்ளை தனி. லாரியில் போன ஐந்து பேரில் நான்கு பேர் தாங்களாகப் போய் நின்றார்கள். ஒருவரை நான் அனுப்பினேன்.