ஐயாவின் பக்கவாட்டு முகம்

– சரியா ஞாபகம் இல்ல பெரியப்பா. நான் நெனைக்கிறது ஒண்ணா இருக்கும், அன்னிக்கு நடந்தது வேறயா இருக்கும். நான் சொல்றத அப்படியே நம்பிடாதீங்க.

– அம்பாங்கான்ல காடியில ஏறுன. மம்பாவ் தாண்டியாச்சு. இவ்ளோ நேரம் வாயத் தொறக்கல. இப்பத் தொறந்தா ஞாபகம் இல்லங்கிற. எனக்கு வயசு எழுவது. காலையில என்ன பசியாறுனேன்னு கேளு, சொல்றேன்.

– என்ன பசியாறுனீங்க?

– நாசி லெமாக். பேச்ச மாத்தாத நிவே. கோயில் பேனருக்கு நம்ம காவல் சாமி ஐயா படத்த வரஞ்சி குடுத்தது நீ. ஊரே கும்புடுது. அதே மாதிரி பக்கத்துலேர்ந்து ஒண்ணு வரஞ்சி தான்னா, ஞாபகம் இல்லன்னா என்னா அர்த்தம்?

– சிலை எவ்ளோ முடிஞ்சிச்சு?

– ஒடம்பு முடிஞ்சிச்சு. கம்பி கட்டி, சிமெண்டு பூசி, காலு, கையி, அருவா எல்லாம் ஆச்சு. கழுத்துக்கு மேல வெறும் கம்பிதான் நிக்குது. சிலை செய்யிற சத்தியசீலன் நல்ல வேலைக்காரன், ஆனா பிடிவாதம். மூக்கு எவ்ளோ நீளுது, தாடை எங்க திரும்புது, அத நானா செஞ்சா அப்பறம் ஐயா மொகம் இல்லம்பீங்க, பக்கவாட்டு மொகம் குடுங்க தலைவரேன்னு ஒரே பாட்டு. அடுத்த மாசம் கும்பாபிசேகம். ஐயா தலையில்லாம இருக்காரு.

– போட்டோ எடுத்தீங்களா?

– எடுப்பாங்களா லா. சாமிய அப்படிப் பாக்குறதே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. துண்டப் போட்டு மூடச் சொல்லிட்டு வந்தேன்.

– பெரியப்பா, அத நான் வரையல.

– அப்ப யாரு, உங்கப்பனா?

– கம்ப்யூட்டர். ஏ.ஐ. என்ன வேணும்னு எழுதிக் கேட்டா அதுவே படம் போட்டுக் குடுக்கும்.

– வாட்சாப்புல வருதே, பூனை ரொட்டி சானாய் போடுற மாதிரி. அதுவா?

– அதே சாதிதான்.

– அதான பாத்தேன். அப்ப ஐயாவுக்கு ஆறு வெரலு வச்சது நீ இல்ல?

– இல்ல. பேனர் அடிச்சி வந்தப்பறம்தான் கவனிச்சேன்.

– செல்லம்மா மொத நாளே கவனிச்சிருச்சு. ஆறு வெரல் காட்டுறாரு, ஆறுல ஆரம்பிக்கிற நம்பர எடுன்னு சொல்றாருன்னு லாட்டரிக் கடைக்கு ஓடிச்சு.

– விழுந்துச்சா?

– கன்சொலேஷன் பிரைஸ். அன்னியிலேர்ந்து பேனருக்கு தெனம் பூ வைக்குது. சிலைக்கு அஞ்சு வெரலு போதும்னு கமிட்டி முடிவு பண்ணதுல அதுக்குக் கொஞ்சம் வருத்தம்.

– உங்களுக்குக் கோவம் வரலியா? நான் வரஞ்சதுன்னு சொல்லி எல்லார்கிட்டயும் பேரு வாங்குனேன்.

– வீட்டுல மத்த சாமிங்களோட அச்சடிச்ச படத்த சட்டம் போட்டு மாட்டி அம்பது வருசமா கும்புடுறோம். அத எந்த மெசினு அடிச்சுதுன்னு எவன் கேட்டான்? மெசினுதான் போட்டுச்சுன்னா இன்னும் சுலுவு. பக்கத்துலேர்ந்து ஒண்ணு போடச் சொல்லு.

– அதான் வரல. எத்தன தடவ கேட்டாலும் வேற ஆள் வர்றாங்க. ஒருத்தர் பட வில்லன் மாதிரி இருக்கார். ஒருத்தர் பேங்க் மேனேஜர் மாதிரி. அதே படத்தக் குடுத்து திருப்பச் சொன்னாலும் திரும்பும்போது வேற மனுசனாயிடுறார். அதுக்கு நேத்துங்கிறதே கெடையாது. ஒவ்வொரு தடவையும் மொத தடவதான். அன்னிக்கு நான் என்ன எழுதிக் கேட்டேன்னு எனக்கும் மறந்து போச்சு.

– எழுதி வைக்கிற பழக்கம் இல்லியா?

– எங்க லெக்சரரும் இதத்தான் கேட்டாங்க. ஐயா படத்தத்தான் இந்த செமஸ்டர் அசைன்மெண்டுக்கு வச்சேன். படத்த விட, நீ எந்த வழியா இங்க வந்தேங்கிறதுதான் எனக்கு முக்கியம்னாங்க. வழியில எங்கெங்க தப்புன, எங்க திரும்புன, அதக் காட்டுன்னாங்க. என்கிட்ட வழியே இல்ல பெரியப்பா. பட்டனைத் தட்டுனேன், வந்து நின்னார்.

– அது சாமி வர்ற மாதிரி இருக்கு.

– அப்படி எழுதியிருந்தா இன்னும் கூட மார்க் குடுத்திருப்பாங்க.

– வேற என்னா எழுதுன?

– மூலம் எது, நகல் எதுன்னு ஒரு கட்டுரை. நகல்னா அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கணும். பழைய கோயில்ல ஐயாவுக்கு முகமே இல்ல. செம்பனை மரத்தடியில கறுப்புக் கல்லு, பக்கத்துல சூலம். அவ்ளோதான். அப்ப பேனர்ல இருக்குற முகம் எதோட நகல்? எதோடதும் இல்ல, ஆயிரம் பேர் முகத்தக் கலந்து வந்தது, எல்லாருக்கும் சொந்தம், யாருக்கும் சொந்தமில்லன்னு எழுதுனேன். நல்ல மார்க் வந்துச்சு.

– உண்மையா அது?

– பாதி.

– பாதிக்கே நல்ல மார்க்கா? பரவால்ல, படிக்கட்டும்.

– கல்லுல கண்ணு மூக்கு ஏதாவது இருந்துச்சான்னு நான் அன்னிக்கு உத்துப் பாத்தேன். சசி அண்ணன் பேத்து எடுத்து வெள்ளைத் துணியில வச்சாரே, அப்ப—

– அந்தப் பேர என் காடிக்குள்ள எடுக்காத.

– உங்க மகன் பெரியப்பா.

– மகன்தான். கோயில் தலைவரும் நான்தான். தோட்டத்த வித்தாச்சு, வேற எடமும் குடுத்தாச்சு, பழைய கோயில ஒடைக்கத்தான் போறானுங்க. சரி, யாரோ வெளியாளு வந்து ஒடைக்கட்டும், நாம பாக்காம இருந்துக்குவோம்னு இருந்தோம். இவன் ஒடைக்கிற கம்பெனி சட்டையப் போட்டுக்கிட்டு எஸ்கவேட்டர ஓட்டிக்கிட்டு வர்றான். ஊரே நின்னு பாக்குது. இனிமே கோயில் வாசல்ல கால் வைக்கக்கூடாதுன்னு நானே மைக்குல சொன்னேன். அதோட முடிஞ்சிச்சு.

– வேற ஆள் ஓட்டுனா கல்லு மேலயே எஸ்கவேட்டர ஏத்திடுவான்னுதான் அந்த வேலைய அவரே கேட்டு வாங்கிட்டு வந்தார். மொதல்ல எறங்கி, செருப்பக் கழட்டிட்டு, கல்ல எடுத்து—

– நிவே.

– சரி.

– …

– …

– லுக்குட் போர்டு வந்துருச்சு. கோவமா?

– இல்ல. யோசிக்கிறேன்.

– உங்கப்பனும் இப்படித்தான். பேசாமலே ஆளக் கொல்லுவான்.

– பெரியப்பா, ஒரு வழி இருக்கு. நானே கையால ஒரு முகம் வரஞ்சி கொண்டாந்திருக்கேன். பேக்ல இருக்கு. முன்பக்கம், ரெண்டு பக்கவாட்டு, பின்மண்டை எல்லாம். சத்தியசீலன் கேட்ட அளவோட. பேனர மாத்திடலாம். புதுக் கோயிலுக்குப் புது முகம்னு சொல்லிடலாம். அய்யோ, ரோட்டப் பாருங்க, அப்பறமா காட்டுறேன்.

– வேணாம்.

– பாக்கவே இல்லியே!

– இரு, சத்தியசீலன் கொட்டாய் கிட்ட வந்தாச்சு, ஓரமா நிறுத்துறேன். குடு… ம். நல்லா இருக்கு. கண்ணு நல்லா வந்திருக்கு. இது நீயே வரஞ்சதா?

– ரெண்டு வாரமா.

– கை இருக்கு உனக்கு. மெசின ஏன் கேக்குற? ஆனா இது ஐயா இல்ல.

– எப்படித் தெரியும்? ஐயாவ யாரும் பாத்ததே இல்லியே.

– பாத்தாச்சே, பேனர்ல. கமிட்டி அந்த மொகத்துக்குத்தான் கை தூக்குச்சு. எங்க தாத்தா கங்காணி மாதிரியே இருக்காருங்கிறான் நம்ம கமிட்டி தேவன். செல்லம்மா, எங்க வீட்டுக்காரரு மாதிரி இருக்காருங்குது.

– அவங்க வீட்டுக்காரருக்கு மீசையே கெடையாதே.

– மீசை வச்சிருந்தா இப்படித்தான் இருந்திருப்பாராம். ஆளாளுக்கு ஒண்ணு தோணிருச்சு நிவே. இனிமே மாத்த முடியாது. அந்த மொகம்தான்.

– கமிட்டி கேக்குதா, நீங்க கேக்குறீங்களா?

– ரெண்டும் ஒண்ணுதான். எடுத்து உள்ள வை. போலாம்.

– கொஞ்சம் நில்லுங்க பெரியப்பா. காடிய எடுக்காதீங்க. அந்த முகம் சிலைக்குப் போச்சுன்னா உங்க தலைவர் பதவியும் போயிடும். கும்பாபிசேகமும் நிக்கும்.

– ஏன்?

– கட்டுரையில பாதி பொய்னு சொன்னேன்ல. அந்த முகம் ஆயிரம் பேரக் கலந்தது இல்ல. ஒரே ஆள். ஐயா ஒரு கால மடக்கி, ஒரு கால தொங்க விட்டு உக்காரணும்னு சொன்னீங்க. மெசினுக்கு அது வரல. யோகா கிளாஸ் மாதிரி உக்கார வச்சுது. ராத்திரி பகலா முட்டிக்கிட்டேன். அப்பறம் என் போன்ல ஒரு படம் இருந்துச்சு. அப்படியே உக்காந்து தேத்தண்ணி குடிக்கிற மாதிரி. அதக் குடுத்து, இந்த மாதிரி உக்கார வையின்னு கேட்டேன். உக்கார்றது மட்டும்தான் கேட்டேன். சத்தியமா. அது முகத்தையும் எடுத்துக்கிச்சு. மீசையப் பெருசாக்கி, கண்ண உருட்டி, தலப்பாவக் கட்டிருச்சு. எனக்கே தெரியல. பேனரக் கட்டும்போது கீழ நின்னு அண்ணாந்து பாத்தேன். அப்பதான்…

– எங்க உக்காந்து தேத்தண்ணி குடிச்சான்?

– எஸ்கவேட்டர் மேல. இடிக்கிறதுக்கு மொத நாள் நான்தான் எடுத்தேன். சசி அண்ணன் பெரியப்பா. கோயில இடிச்சவர் முகத்தக் கொண்டு போய்ப் பேனர்ல வச்சிட்டேன். தேவன் வகையறாவுக்குத் தெரிஞ்சா உங்கள சும்மா விடுவாங்களா? மகன் முகத்த வேணும்னே சாமியாக்கிட்டான் தலைவர்னுதான் சொல்வாங்க. அதுக்குத்தான் ஓடி ஓடி வேற முகம் வரஞ்சேன். இதோட பக்கவாட்டு வேணும்னா அவரத்தான் கேக்கணும். மெசினுக்குத் தெரியாது. எனக்கும் மறந்துட்டு வருது. பாத்து நாலு வருசமாச்சு. ஏதாவது சொல்லுங்க.

– எஞ்சின அமத்துறேன் இரு. சூடாகுது. பழைய கோயில் இருந்த எடத்துல இப்ப கார் நிறுத்துறானுங்க. போய்ப் பாத்தேன். கோடு போட்டு நம்பர் எழுதியிருக்கு. ஆளுங்க தமான் தமானா வீடு மாறி செதறியாச்சு. உன் பெரியம்மா போய்ச் சேந்துட்டா. சாவறதுக்கு முன்ன அவகிட்ட மட்டும் அவன் போன்ல பேசுவான். ஜொகூர்ல அதே மெசினத்தான் ஓட்டுறானாம். ஒரு பொண்ணு பொறந்திருக்காம். அதுக்கு ரெண்டு வயசாவது இருக்கும்.

– கமிட்டில நானே சொல்லிடட்டுமா? உங்க மேல பழி வராம?

– எதுக்கு? கமிட்டி பூரா உக்காந்து அந்தப் படத்தப் பாத்துச்சு. ஒருத்தன் தாத்தாங்கிறான், ஒருத்தி புருசன்ங்கிறா. கூடவே வளந்தவனுங்க, ஒண்ணாப் பந்து ஒதைச்சவனுங்க. ஒருத்தனுக்கும் தெரியல. அவன ஒதுக்குன நாள்லேர்ந்து எவனும் அவன் மொகத்தப் பாத்துப் பேசல. அப்பறம் எப்படித் தெரியும்?

– அப்ப உங்களுக்கு…

– அந்தா, சத்தியசீலன் கொட்டாய்க்கு வெளிய வந்து கை காட்டுறான். எறங்கு. வரஞ்சத பேக்குலயே வை, உங்க லெக்சரருக்குக் காட்டு. அதுல வழி இருக்கு.

– பெரியப்பா, எப்பலேர்ந்து தெரியும்?

– சத்தியசீலன்கிட்ட ஒண்ணு மறக்காம சொல்லணும். வலது தாடையில ஒரு குழி இருக்கும். ரெண்டு வயசுல அஞ்சடி வராந்தாவுல விழுந்தது. மெசினு அத விட்டுருச்சு.

– …

– அழுவாத லா. ஜொகூருக்குப் போன் போடு. பக்கவாட்டுல நின்னு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லு.

– எதுக்குன்னு கேப்பாரே. என்ன சொல்ல?

– அப்பா கேட்டாருன்னு சொல்லு.