இன்னும் ஓர் ஆவணம்

உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, இந்த அறையில் குளிர் வேறு அதிகம், யாராவது கொஞ்சம் வெந்நீர் கொண்டுவரக் கூடாதா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், புவான் சலேஹா. விசாரணையில் நீங்கள் கேட்ட கேள்வி காதில் விழாமல் இல்லை. மற்றவர்களின் சிரமம் என் கண்ணில் உடனே பட்டுவிடும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான்.

ஐரீனும் நானும் பள்ளியில் ஒரே மேசை. எனக்குக் கல்யாணம் அமையவில்லை, அவளுக்கு ஜெஃப்ரி வந்தார். அதனால் எங்களுக்குள் எதுவும் மாறவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பினாங்கில், ஆயர் ஈத்தாமில் இருக்கும் அவர்கள் வீட்டு அடுப்படியில் அன்னாசி டார்ட் செய்வோம். மாவு அவள் பிசைவாள், அன்னாசியை நான் கிண்டுவேன். இணையத்தில் விற்கலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான்.

போன டிசம்பரில் ஆர்டர் குவிந்தது. ஒரு மாலை அவள் குளிக்கப் போயிருந்தபோது, மேசைமேல் இருந்த அவளுடைய கைப்பேசியில் செய்தி வந்தது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஜெஃப்ரியின் அண்ணன் அனுப்பியது. வீடு பார்த்தாகிவிட்டது, டார்ட் பணம் கைக்கு வந்ததும் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுவிடுங்கள், இனி பினாங்கை மறந்துவிடலாம் என்று இருந்தது. நான் தேடிப் போய்ப் படிக்கவில்லை. மறுநாள் அவளிடமே கேட்டேன்.

"அடுத்த தீபாவளிக்கும் ஆர்டர் எடுப்போமா?"

"எடுப்போம் லா. ஏன் கேக்குறே, கை வலிக்குதா?"

பொய் சொல்கிறவர்கள் கொஞ்சம் தடுமாறுவார்கள் என்று நினைத்திருந்தேன். அவள் தட்டிலிருந்து ஒரு டார்ட்டை எடுத்து என் வாயில் வைத்தாள். அவளுடைய சர்ச்சில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதே வாரம் அலுவலகத்தில் அவளுடைய கோப்பு என் திரைக்கு வந்தது. விற்பனை திடீரென்று ஏறினால், இணையத்தில் விற்கிறவர்களுக்குப் பணத்தை வாங்கிக்கொடுக்கும் பட்டுவாடா நிறுவனம் மோசடி என்று சந்தேகித்துப் பணத்தை நிறுத்திவைக்கும். ஆவணங்களைப் பார்த்து அதை விடுவிப்பதுதான் நம் அலுவலகம் அவர்களுக்குச் செய்துகொடுக்கும் வேலை. தெரிந்தவர் கோப்பு வந்தால் வேறொருவருக்கு மாற்றிவிட வேண்டும். நான் மாற்றவில்லை. எந்த நிறுவனத்துக்காக வேலை செய்கிறோம் என்று வெளியே சொல்லக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. அதை நான் மீறவில்லை.

முகவரிச் சான்று கேட்டேன். புதிதாக ஒன்றைக் கேட்டால் கோப்பு வரிசையின் கடைசிக்குப் போய்விடும். அது நான் போட்ட விதி அல்ல. நாம் எல்லோரும் போடும் பொதுப்பெயரைத்தான் கடிதத்தின் கீழ் போட்டேன். சோஃபி.

ஐரீனுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வராது. அதனால் மாலையில் அவள் வீட்டில் உட்கார்ந்து சோஃபிக்கு நானே பதில் எழுதுவேன். நல்ல பதில்கள். காலையில் அவற்றில் குறை கண்டுபிடிப்பது எனக்கே சிரமமாக இருந்தது.

"என் பொறப்புப் பத்திரம் வரைக்கும் குடுத்தாச்சு. அடுத்து ஜாதகம் கேப்பா பாரு."

"நாங்க வேதக்காரங்க, ஜாதகம் எல்லாம் கெடையாதுன்னு எழுதவா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "நீ இல்லன்னா நான் என்னா ஆயிருப்பேன் ஜெகா?"

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை கேட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

ஜனவரியில் ஜெஃப்ரிக்கு நெஞ்சுவலி வந்தது. இதயத்தில் அடைப்பு. அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் ஏராளம். தனியார் ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்ட வேண்டும், நிறுத்திவைத்த பணம் அதற்குப் போதும். டாக்டர் கடிதத்தைச் சோஃபிக்கு அனுப்பச் சொன்னாள் ஐரீன். அனுப்பினேன். முத்திரை தெளிவாக இல்லை என்று மறுநாள் சோஃபியாகப் பதில் எழுதினேன். முத்திரை உண்மையிலேயே தெளிவாக இல்லை.

"அந்தச் சோஃபிக்கு ஒரு டப்பா டார்ட் அனுப்பு லா," என்றார் ஜெஃப்ரி, கட்டிலில் சாய்ந்தபடி. "தின்னுட்டாச்சும் மனசு எளகட்டும்."

வேடிக்கையான மனிதர். எனக்கு அவர்மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறாமல் நான் இருந்தது இந்த ஒரு வருடம்தான். அன்று முழுவதும் ஆஸ்பத்திரியில் ஐரீனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஜெஃப்ரி போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் பணத்தை விடுவித்தேன். அதை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள். புதிய ஆவணம் எதுவும் வராமல் எப்படி ஒப்புதல் கொடுத்தாய் என்று கேட்டீர்கள். வேறு எதுவும் வர வேண்டியிருக்கவில்லை. அவள் முதல் தடவை அனுப்பியவையே சரியாகத்தான் இருந்தன. ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் போய் என்ன செய்யப்போகிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். பணத்தைப் பிடித்துவைக்க அதன் பிறகு காரணம் இல்லை.

கவனக்குறைவு என்று எழுதிக்கொடுத்தால் நிர்வாகம் இதோடு விட்டுவிடும் என்கிறீர்கள். உங்கள் நல்ல மனது புரிகிறது. ஆனால் நான் வேலையில் ஒருநாளும் கவனக்குறைவாக இருந்ததில்லை. பணம் போய்ச் சேராவிட்டால் அவர் சாகலாம் என்று தெரிந்தே நிறுத்திவைத்தேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஐரீனிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள். முதலில் அழுவாள், பிறகு புரிந்துகொள்வாள்.

நான் கையெழுத்துப் போட வேண்டிய இந்தத் தாளில் கடைசி வரியை மட்டும் அடித்துவிடுங்கள், புவான். இனி அவள் வீட்டுக்கு நான் போகக் கூடாது என்று இருக்கிறதே, அதை. அதற்கு மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அவளுக்கு இப்போது என்னை விட்டால் யாரும் இல்லை.