வளையல் வாங்கிய மிசி

மாலை ஏழு மணி. கோத்தா திங்கியிலிருந்து குளுவாங் போகும் சாலை. இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம்... விளக்குக் கம்பம் கிடையாது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. உதிர்ந்து அழுகிய பழங்களின் புளித்த வாடை.

எனக்கு நடந்ததில்லை. செல்வாவின் மாமா மகன் ரூபேந்திரனுக்கு நடந்தது. செல்வா இதோ பக்கத்தில்தான் இருக்கிறான். தப்பாகச் சொன்னால் திருத்துவான்.

ரூபேந்திரனின் மனைவி பிரவீனாவுக்கு அப்போது எட்டாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. அவளைப் பார்த்துவந்த டாக்டரம்மா ஏழாம் மாதத்தில் சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போய்விட்டார். அதன் பிறகு குளுவாங்கில் ஏறாத கிளினிக் இல்லை. எல்லா இடத்திலும் கையை விரித்தார்கள். காரணம் இருக்கிறது. முதலிலிருந்து பார்க்காத வயிற்றுக்குக் கடைசி நேரத்தில் பொறுப்பேற்க யாரும் தயங்குவார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அடுத்த வாரம்தான் தேதி. கடைசியில் கடைவீட்டு மாடியில் இருந்த ஒரு டாக்டர் அன்று மாலை வரச் சொன்னார்.

பாதி வழியில் பிரவீனா மெல்லச் சொன்னாள். மத்தியானத்திலிருந்து பிள்ளை அசையவில்லை.

ரூபேந்திரன் வேகத்தைக் கூட்டினான். அப்போதுதான் அந்த வெளிச்சம்... சாலையோரம் சின்னக் கட்டடம். வாசலில் வெள்ளை நர்ஸ் உடுப்பில் ஒரு மிசி. டெட்டால் வாடை கார் வரைக்கும் வந்தது. இத்தனை நாள் தேடியதற்கு ஒருவராவது வாசலில் நிற்கிறாரே என்று காரை நிறுத்திவிட்டான்.

மிசி பிரவீனாவைப் படுக்கவைத்து, மரத்தில் செய்த சின்னக் குழலை எடுத்தார். பழைய காலத்துச் சாமான். பேட்டரி இல்லை, கம்பி இல்லை. அகன்ற வாயை வயிற்றில் பதித்து, மறுமுனையில் காதை அழுத்த வேண்டும். பிறகு கையை எடுத்துவிட வேண்டும். விரல் பட்டால் அந்தச் சத்தமும் கலந்துவிடும். பிள்ளையின் துடிப்பு குழலுக்குள் இருக்கும் காற்றின் வழியே நேராகக் காதுக்கு வரும்...

"கிளாஸ் எடுக்காத லா. கதையச் சொல்லு," என்றான் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கில்பர்ட்.

இதுதான் கதை. அந்தக் குழலில் ஒரு ஆள் மட்டும்தான் கேட்க முடியும்.

மிசி வெகுநேரம் கேட்டார். வெளியே தவளைச் சத்தம்கூட நின்றிருந்தது.

"பையன். நல்லாத்தான் இருக்கான்," என்றார். "இனிமே நான் பாத்துக்கிறேன்."

பிரவீனா அழுதுவிட்டாள். ரூபேந்திரன் பணம் நீட்டினான். மிசி வாங்கவில்லை. அவர் கண் பிரவீனாவின் கையில் இருந்தது. போன வாரம்தான் வளைகாப்பு. முழங்கை வரை கண்ணாடி வளையல்.

உங்களுக்கே தெரியும். வயிற்றுப் பிள்ளை கேட்கட்டும் என்றுதான் அதைப் போடுகிறோம். பிறந்த பிறகு கழற்றி, பிள்ளையைக் கையில் ஏந்தி எடுத்தவருக்குக் கொடுப்போம். பிறந்த பிறகு...

சந்தோஷத்தில் அவளுக்கு அது தோன்றவில்லை. பச்சையில் இரண்டைக் கழற்றி மிசியின் கையில் வைத்தாள். மிசி மறுக்கவில்லை.

காரில் ஏறியதும், "என்னங்க... வயிறு லேசா இருக்கு," என்றாள்.

குளுவாங் டாக்டர் வயிற்றில் பசை தடவி, கருவியை மெதுவாக நகர்த்தினார். அந்தக் கருவி சத்தத்தை உள்ளே அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்கும். துடிக்கும் இடம் திரையில் மினுக்கும். எதுவும் மினுக்கவில்லை. டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இப்பதானே டாக்டர் மிசி கேட்டாங்க," என்றாள் பிரவீனா. "நல்லாத்தான் இருக்கான்னாங்க."

பையன்தான். அழவில்லை.

மறு வாரம் ரூபேந்திரன் அந்த இடத்தைத் தேடிப் போனான். கூரையில்லாத நாலு சுவர். நடுவில் செம்பனை முளைத்து ஆளுயரம் வளர்ந்திருந்தது.

அது நடந்து மூன்று வருடம். பிரவீனா இப்போது மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியில் முதல் மாதத்திலேயே பதிந்துவிட்டார்கள். போக அந்த ஒரு சாலைதான். கையில் வளையல் கிடையாது. இந்த மூன்று வருடமும் அந்த இடம் வந்ததும் கார்க் கண்ணாடியை இறக்கிவிடுவாள். ரூபேந்திரனுக்கு எதுவும் கேட்காது. அவளுக்கு மட்டும் வளையல் சத்தம்... முதலில் ஓர் இடத்திலேயே கிலுங்கியதாம், தொட்டிலில் கிலுகிலுப்பை ஆட்டுகிற மாதிரி. பிறகு தரையோடு நகர்ந்ததாம்.

போன மாதம் ரூபேந்திரன் பயத்தில் வேகமாக ஓட்டினான். அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"மெதுவா போங்க... பின்னாடி ஓடி வர்றான்."